புதினாவைக் காத்த கழுநீர்த் தொட்டி

என் பெயரில் மூன்று வண்டி ஓடுகிறது. அதில் இரண்டுக்குக் குளிர்ப்பெட்டி. தென் சென்னையில் எந்தக் கல்யாணத்தில் நீங்கள் பிரியாணி சாப்பிட்டிருந்தாலும், தட்டில் ஓரமாக ஒதுக்கிவைத்த அந்தப் புதினா இலை அநேகமாக என் கொட்டகை வழியாகத்தான் வந்திருக்கும். அடையாறில் வீடு கட்டினேன், லிப்ட் வைத்துக் கட்டினேன். வங்கி வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றவன் நான்; இன்றைக்கு அந்த மேனேஜர் என் கொட்டகைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறார். மழையில் ஊரே முடங்கிக் கிடந்த நாளில்கூட என் கட்டு மண்டபத்துக்குப் போய்ச் சேராமல் இருந்ததில்லை. இவ்வளவுக்கும் ஐந்தாம் வகுப்பில் நான் பாஸா ஃபெயிலா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. முடிவு ஒட்டிய அன்று பார்க்கப் போகவில்லை. தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தேன்.

பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் காலையில் சேர்ந்து நடக்கிற நம் நடைக் கூட்டத்தில் ஒருவரும் நம்பமாட்டீர்கள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆனால் பேனா எடுத்ததற்கு வேறு காரணமும் உண்டு. நம் கூட்டத்தின் போன வருஷ மலரில் ஒரு பத்தி வந்தது. கோட்டூரில் மழை பொய்த்த வருஷம், ஊரே ஒன்றுகூடி மானுக்குத் தண்ணீர்த் தொட்டி வைத்ததாம். எழுதியவர் நம் தபால்காரர். அவரும் கோட்டூரில் எங்கள் தெருவில் பிறந்தவர்தான், நல்ல மனிதர், தினமும் கடற்கரையில் எனக்கு நாலு அடி பின்னால் மூச்சு வாங்க நடப்பவர். ஊரே ஒன்றுகூடியா? சொல்கிறேன், கேளுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் கிண்டிக் காட்டின் சுற்றுச்சுவர் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆலமரமும் முட்புதரும். இந்தப் பக்கம் நாங்கள், ஒரு அடிபம்பு, ஒரு துவைக்கிற கல். அம்மா ஒரு நாள் துவையலுக்கு இலையைக் கிள்ளிவிட்டுத் தண்டைத் தூக்கி எறியாமல் அந்தக் கல்லோரத்து ஈரத்தில் செருகினாள். துணி அலசிய தண்ணீரைக் குடித்தே அது பிடித்துக்கொண்டது. ஒரு கை அகலம் படர்ந்தது, பிறகு ஒரு பாய் அகலம், பிறகு சுவர்வரைக்கும்; அம்மா அதைப் பாத்தி பாத்தியாகப் பிரித்தாள். காலையில் அந்தப் பக்கம் காற்று அடித்தால் வீட்டுக்குள் இருக்கிற கந்தல் பாய்கூட மணக்கும். இப்போது என் கொட்டகையில் மூட்டை மூட்டையாக இறங்குகிறது புதினா. அந்த வாசனை இல்லை. மூக்குக்கு வயசாகிவிட்டது என்கிறார் டாக்டர். மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

அடையாறில் மெஸ் வைத்திருந்த மாமா ஒருவர் எங்கள் புதினாவுக்கு வாடிக்கையானார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வெற்றிலைச் சிவப்பு வாய், நெற்றியில் பட்டை. தயிர் சாதத்துக்கு அவர் போடும் புதினாத் துவையலுக்காகவே பஸ் ஏறி வருவார்கள். தினமும் விடிந்ததும் ஒரு கூடை கொண்டுபோய் அவர் சமையல்கட்டு வாசலில் வைக்க வேண்டும். அது என் வேலை. அப்பா கிண்டி எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். அவர் சம்பளத்தில் குடும்பம் நடந்தது. புதினாக் காசில் அம்மாவுக்குக் கொஞ்சம் சுருக்குப்பை கனம், அவ்வளவுதான்.

பிறகு மழை பொய்த்தது. மழை இல்லாததால் அணையில் தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லாததால் கரண்ட் இல்லை, கரண்ட் இல்லாததால் பட்டறை இல்லை. லே-ஆஃப் என்றார்கள். அந்த வார்த்தையை எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அப்பா காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். அன்றையிலிருந்து எங்கள் அடுப்பு எரிந்தது அம்மாவின் புதினாவால். ஒரு நாள் கூடை போகாவிட்டால் அன்றைக்கு உலை இல்லை. இதை யாரும் எனக்கு உட்கார வைத்துச் சொல்லவில்லை. கூடையை என் தலையில் தூக்கி வைக்கும்போது அம்மா அதை ஒரு தரம் அமுக்கிப் பார்ப்பாள், அதிலேயே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் புதினாவை ஏதோ மேய ஆரம்பித்தது. காலையில் போய்ப் பார்த்தால் ஒரு பாத்தி மொட்டை. மறுநாள் இன்னொன்று. கூடை பாதியாகக் குறைந்தது. மாமா புருவத்தைத் தூக்கினார்.

எங்கள் வரிசையில் கடைசி வீடு ஆட்டுக்கார அக்காவுடையது. அப்பாவைவிட வயசில் பெரியவள், ஆனாலும் தெருவுக்கே அக்கா. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஆடுகள்தான். காலையில் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடையாறு வீடுகளில் கழுநீர் எடுத்துவருவாள். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, எல்லாம் ஒரே பானையில். இன்ன வீட்டுக் கழுநீர் இன்னாருக்கு என்று அப்போது பாத்தியதை உண்டு. ஒருத்தி எடுக்கிற வாசலில் இன்னொருத்தி பானை வைக்கமாட்டாள், வைத்தால் ரத்தம் பார்க்காமல் முடியாது. மெஸ் கழுநீர் இந்த அக்காவின் பாத்தியதை.

அப்பா நேராக அவள் வாசலில் போய் நின்றார்.

"உன் ஆட்டக் கட்டி வையி. என் வூட்டு அடுப்புல வாய வெச்சிகினு கீது."

"என் ஆடா? புதினா நாத்தம் பட்டாலே அது மூஞ்சத் திருப்பிகினு போவும். நீ கண்ணால பாத்தியா?"

"பாக்க வேற வேணுமா? இந்தத் தெருவுல நாலு காலோட வேற யாரு கீறாங்க?"

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ரெண்டு காலு இருந்தும் வூட்ல குந்திகினு கீற நீ, என் ஆட்டுக் காலை எண்ண வந்துட்டியா?"

அப்பா திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்து ஒரே பீடியை மூன்று தரம் பற்றவைத்தார். ஆனால் அக்கா ரோஷக்காரி. அன்றைக்கே எல்லா ஆட்டையும் கட்டிப்போட்டாள். மேய விடாத ஆடு கத்துகிற கத்தல் இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டு சோறு இறங்காது. அவை கத்திக்கொண்டே இருந்தன. புதினா போய்க்கொண்டே இருந்தது.

அவள் விடியுமுன் அவிழ்த்து விடுகிறாள் என்று முடிவு கட்டினார் அப்பா. வேலையில்லாத கையாயிற்றே, சும்மா இருக்குமா? பட்டறையிலிருந்து எப்போதோ கொண்டுவந்த இரும்புத் துண்டுகளை வைத்து வேலி கட்டினார். வனஸ்பதி டின்னுக்குள் போல்ட் போட்டுக் கம்பியில் தொங்கவிட்டார், தொட்டால் சத்தம் வருமென்று. காற்றுக்கெல்லாம் அது சத்தம் போட்டுத் தெருவே எங்களைத் திட்டியது. வேலி தாண்டிப் புதினா போனது. கடைசியில் சாணியைக் கரைத்துப் பாத்தி முழுக்கத் தெளித்தார். கிராமத்தில் நாற்றங்காலுக்கு அப்படித்தான் செய்வார்களாம், ஆடு மாடு வாய் வைக்காதாம்.

வைக்கவில்லை. அதுவரைக்கும் அவர் சொன்னது சரி. மறுநாள் அந்தப் புதினாவை மூன்று தண்ணீரில் அலசிக் கூடையில் வைத்து அனுப்பினாள் அம்மா. மெஸ் மாமா ஒரு கொத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார், உடனே கையை நீட்டித் தூரப் பிடித்தார்.

"ஏண்டாப்பா, மாட்டுக் கொட்டில் வாசனை வரதே?"

அலசினோம் மாமா என்றேன்.

"இலைய அலசியிருக்கேள், வாசனைய அலசலையே. இத அரைச்சுப் போட்டேன்னா நாளைலேந்து இங்க ஒருத்தன் கை நனைக்க மாட்டான். உங்கம்மாகிட்டச் சொல்லு, இன்னொரு தரம் இப்படி வந்தா நான் கொத்தவால்சாவடி மார்க்கெட்லேந்து வரவழைச்சுண்டுடுவேன்."

கூடையைத் திருப்பிக் கொண்டுவந்தேன். அம்மா அதை வாங்கி மூலையில் வைத்துவிட்டு, அடுப்பு மூட்டாமல், முறத்தை எடுத்து ஒன்றுமே இல்லாத முறத்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா அன்றைக்கு முழுக்க வீட்டுக்குள் வரவில்லை. அந்த நாளை நினைத்துத்தான் இன்றைக்கும் என் கொட்டகையில் எந்தப் புதினாக் கட்டையும் முகர்ந்து பார்க்காமல் வண்டியில் ஏற்றுவதில்லை.

இனி நான் வருகிறேன். கவனமாகப் படியுங்கள்.

பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன் நான். அடிபம்பில் வரிசை, எல்லாப் பாத்திக்கும் ஒரே நாளில் ஊற்ற முடியாது, முறை வைத்துத்தான் ஊற்றுவேன், அதுவும் சாயங்காலத்தில். சாணி வாசனை போய் மறுபடி மேய்ச்சல் தொடங்கியபோது ஒன்றைக் கவனித்தேன். எந்தப் பாத்திக்கு முந்தின சாயங்காலம் தண்ணீர் காட்டினேனோ அதுதான் காலையில் மொட்டை. காய்ந்த பாத்தியில் ஒரு இலை குறையவில்லை. ஆடாக இருந்தால் வேலிக்கு முதலில் இருக்கிற பாத்தியை அல்லவா கடிக்கும்? அப்பாவிடம் சொன்னேன். ஆட்டுக்கு இருக்கிற அறிவுகூட உனக்கு இல்லை என்றார். ஆனாலும் எந்தப் பாத்திக்குத் திருடன் வருவான் என்று எனக்குத் தெரியும் என்றதும், விடியற்காலையில் இரும்புக் கம்பியோடு என் பின்னால் வந்து துவைக்கிற கல்லுக்கு மறைவில் குந்தினார்.

வெளுக்கத் தொடங்கிய நேரம். சுவரில் கல் பெயர்ந்த ஒரு இடம் உண்டு, நாங்கள் பந்து எடுக்க நுழைகிற இடம். அதன் வழியாக ஒரு புள்ளிமான் வந்தது. பின்னால் குட்டி. இரும்பு வேலியை ஒரு எட்டில் தாண்டியது, டின் ஒரு சத்தம் போடவில்லை. அப்பாவின் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. மான் வந்ததும் இலையைக் கடிக்கவில்லை. முதலில் இலையில் இருந்த ஈரத்தை நக்கியது. பிறகு வாயை மண்ணில் புதைத்து உறிஞ்சியது. அதற்குப் பிறகுதான் தண்டோடு பிடுங்கியது. விலா எலும்பை எண்ணியிருக்கலாம்.

அப்பா கம்பியோடு எழுந்தார். மான் தலையைத் தூக்கிப் பார்த்தது. கடைவாயில் ஒரு புதினாத் தண்டு தொங்கியது. ஓடவில்லை, ஓடத் தெம்பில்லையோ என்னவோ. குட்டி அதன் வயிற்றுக்கு அடியில் போய் நின்றது. அப்பா என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் குனிந்து, கல்லில் படாமல், சத்தம் வராமல், கம்பியைத் தரையில் வைத்தார்.

அம்மா எங்களைத் தேடித் துடைப்பத்தோடு வந்தவள் அப்படியே நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அதுக்கும் லே-ஆஃப்பு போல கீது."

அப்பா சிரித்தார். அந்த வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வெயில் ஏறியதும் பூவரச மரத்தில் ஏறித் தழை வெட்டினார். ஒரு சுமை கட்டி, தலையில் வைத்து, கடைசி வீட்டு வாசலில் கொண்டுபோய்ப் போட்டார். தானே குனிந்து ஆடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். நானும் அம்மாவும் பின்னால் நின்றோம். ஆட்டுக்கார அக்கா வாசலில் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"இன்னா, நாலு காலோட வேற யாராச்சும் மாட்டிகினாங்களா?"

"மானு, அக்கா."

அவ்வளவுதான் அவர் கேட்ட மன்னிப்பு. அவள் உள்ளே போய் எல்லாருக்கும் கடுங்காப்பி கொண்டுவந்தாள். கட்டிக் கிடந்ததில் அவளுடைய ஒரு ஆட்டுக்குட்டி அதற்கு முந்தின வாரமே செத்துப்போனது என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரியும். அன்றைக்கு அவள் அதைச் சொல்லவில்லை. அப்பாவின் காதுக்கு அது எட்டியதா என்றும் எனக்குத் தெரியாது.

மானை என்ன செய்வது என்று பேசினார்கள். அடித்தால் கொண்டுபோய் உள்ளே வைத்துவிடுவார்கள். சுவர் ஓட்டையை அடைக்கச் சொல்லிப் பார்த்தாயிற்று, காட்டுக் காவல்காரர் தலையை ஆட்டுவதோடு சரி. வேலியை உயர்த்தலாம் என்றார் அப்பா. மூன்று பெரியவர்கள் கடுங்காப்பியை வைத்துக்கொண்டு வேலியின் உயரத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்.

"அது தண்ணிக்கு வருது நைனா. சுவர் ஓட்டையாண்ட தண்ணி வெச்சுடலாம். நம்ம பாத்திக்கு நான் காலைல அது போன அப்பால ஊத்தறேன். ராத்திரி பாத்தி காஞ்சு கெடந்தா இன்னாத்துக்கு வரும்?"

இதைச் சொன்னது நான். சாட்சி அந்த மூன்று பேர். மூவரும் இன்றைக்கு இல்லை, அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

சாயங்காலத் தண்ணீர் இல்லாவிட்டால் புதினா வாடிவிடும் என்று அம்மா தயங்கினாள். மெஸ் மாமா சொன்னது அவள் காதிலேயே இருந்தது. கடைசியில், "செஞ்சு பாருடா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு இன்றைக்கும் கும்பிடு போடுகிறேன். அடுப்பையே என் கையில் கொடுத்ததற்குச் சமம் அது.

அப்பா எங்கிருந்தோ ஒரு தார்ப் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தார். உளியும் சுத்தியும் வைத்து நீளவாட்டில் பிளந்தார். மான் வாய் கிழியக் கூடாதென்று விளிம்பு முழுவதையும் உள்பக்கம் மடித்துத் தட்டினார். அந்த விளிம்பில் விரலை ஓட்டினால் லேத்தில் கடைந்த மாதிரி இருக்கும். ரொம்ப நாளைக்குப் பிறகு வேலை பார்க்கிற அப்பாவைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

தொட்டி வந்தது, தண்ணீர்? மனுஷனுக்கே குடத்துக்கு வரிசை. மானுக்கு ஒரு குடம் என்று நான் நின்றபோது பம்படியில் சிரித்தார்கள். "இன்னாடா, மானுக்கு ஊத்திட்டு அப்பால சிங்கத்துக்கும் ஊத்துவியா?" என்று ஒரு அம்மா கேட்டார். தபால்காரரே, அது உங்கள் அம்மா. இதுதான் ஊரே ஒன்றுகூடிய லட்சணம்.

வெறுங்குடத்தோடு வந்தவனைக் கடைசி வீட்டு வாசலில் மடக்கினாள் ஆட்டுக்கார அக்கா. நாளைக்குப் புதினா கொண்டுபோகும்போது ஒரு டின்னும் எடுத்துக்கொண்டு வா என்றாள். மறுநாள் மெஸ் சமையல்கட்டு வாசலில் தன் பானைக்குப் போகிற கழுநீரில் பாதியை என் டின்னில் ஊற்றினாள். மெஸ் மாமா பார்த்துவிட்டு, இது என்ன புதுப் பங்காளி என்றார். "என் ஆளுதான் சாமி" என்றாள். பாத்தியதையைப் பங்கு போட்ட கழுநீர்க்காரியை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. அதுவும் யாருக்கு? எந்த மானால் தன் ஆட்டுக்குட்டி போனதோ அந்த மானுக்கு.

போகும்போது தலையில் கூடை, வரும்போது தலையில் டின். அடையாறிலிருந்து கோட்டூர் வரைக்கும் கழுநீர் தளும்பித் தளும்பி என் சட்டைக் காலர் எப்போதும் புளித்த வாசனை அடிக்கும். பள்ளிக்கூடத்தில் அதனாலேயே என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நானும் உட்காருவதை நிறுத்திவிட்டேன்.

முதலில் மான் தொட்டியைச் சீந்தவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கும். பழக்கத்தில் பாத்திக்கு வந்து காய்ந்த இலையைக் கடிக்கும். புதினா ஓரம் கருகத் தொடங்கியது. கூடை இன்னும் இளைத்தது. நாளையிலிருந்து சாயங்காலமே ஊற்றிவிடுவோம் என்று அப்பா சொல்ல, அம்மா மட்டும், "இன்னும் ஒரு நாளு பாக்கட்டும்" என்றாள்.

அந்த ஒரு நாளில்தான் குட்டி குடித்தது. அதற்கு விவரம் தெரியாதல்லவா, நேராகப் போய்த் தொட்டியில் மூக்கை விட்டது. நிமிர்ந்தபோது வாயைச் சுற்றி வெள்ளையாகக் கஞ்சி மீசை. தாய் அதன் வாயை நக்கிப் பார்த்தது. பிறகு தானும் குனிந்தது. குடித்தது, குடித்தது, தொட்டியின் தகரம் தெரிகிறவரை குடித்தது. நிமிர்ந்து எங்கள் பாத்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஓட்டை வழியாகக் காட்டுக்குள் போய்விட்டது. நான் கல்லுக்குப் பின்னாலிருந்து எழுந்து, மிச்சமிருந்த குடத்துத் தண்ணீரை முதல் பாத்திக்கு ஊற்றினேன்.

அப்புறமும் எப்போதாவது நுனி கிள்ளத்தான் செய்தது. கிள்ளின இடத்தில் இரண்டு கிளை வெடித்தது. கூடை மறுபடி நிறைந்தது. மெஸ் மாமா ஒரு கொத்தை மூக்கில் வைத்து, கண்ணை மூடி, "இதுன்னா புதினா" என்றார். அன்றைக்கு என்னைச் சமையல்கட்டிலேயே உட்காரவைத்து, இலை போட்டு, துவையலும் தயிர் சாதமும் அவர் கையால் பரிமாறினார். என் வீட்டுப் புதினாவை அவர் வீட்டுத் துவையலாக நான் சாப்பிட்டது அப்போதுதான். அந்த உறைப்பு இன்னும் நாக்கில் நிற்கிறது. பின்னால் எனக்கு முதல் மண்டபத்து ஆர்டர் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

தபால்காரருடைய அம்மாவைப் பற்றி இன்னொன்றும் எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. குட்டி கஞ்சி மீசையோடு நிற்பதை ஒரு நாள் அவர்களும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு பம்படியில் தன் முறையில் ஒரு குடத்தை எனக்கு விட்டுக்கொடுப்பார்கள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டே.

மழை வந்தது. கரண்ட் வந்தது. அப்பா காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். மானும் பிறகு வரவில்லை, காட்டில் அதற்கும் வேலை கிடைத்திருக்கும். தொட்டி சுவரோரத்திலேயே கிடந்தது. பிறகு மாடிக் குடியிருப்பு கட்ட வந்தபோது பழைய இரும்புக்காரன் எடுத்துப்போனான். நான் அன்றைக்குச் சரக்கு எடுக்கக் கொத்தவால்சாவடியில் இருந்தேன். இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டேன். அந்த விளிம்பை இன்னொரு தரம் தொட்டுப் பார்க்க இன்றைக்கு என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அப்பா கடைசிவரைக்கும் பட்டறையில், கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட, மான் தொட்டி தன் யோசனை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு வருஷத்தில் அவருக்கு எடுத்துச் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. ஆட்டுக்கார அக்காவும் தன் யோசனைதான் என்பாள். ஒரு குட்டியைக் கொடுத்தவள், சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டேன். அம்மா மட்டும் யாருடைய யோசனை என்று யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் என் முதல் வண்டிக்குப் பூசை போட்ட அன்று, எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டுச் சக்கரத்துக்கு முன்னால் ஒரு கொத்துப் புதினாவை வைத்தாள். அது போதும் என்றுதான் இவ்வளவு நாள் இருந்தேன்.

இப்போது ஊருக்கே பங்கு போடுகிறீர்கள். ஆகவே, மலர் போடுகிறவர்களே, அடுத்த பதிப்பில் இப்படித் திருத்துங்கள். புதினா என் அம்மாவுடையது. தொட்டியைப் பிளந்து விளிம்பு தட்டியவர் என் அப்பா. கழுநீர் ஆட்டுக்கார அக்காவின் பங்கு. ஒரு குடம் தபால்காரருடைய அம்மா. ஊருக்கு அந்த ஒரு குடம்தான் உண்டு, அதற்கு மேல் கிடையாது. யோசனையும், அதைத் தலையில் சுமந்த கழுத்தும் என்னுடையது. என் பெயர் போட இடமில்லாவிட்டால் 'ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன்' என்று போடுங்கள். பாஸா ஃபெயிலா என்று போட வேண்டாம்.